புத்தகத்தில் 2 மார்க். பஸ் படியில் ஓர் உயிர்!

டீக்கடையிலும் ரோட்டிலும் இயற்பியல் கொட்டிக் கிடக்கிறது
மாணவர்கள் ஜாலியாகப் படிக்க வழி இதோ

காலை 8 மணி. சென்னை அண்ணா சாலையில் ஒரு பஸ் வருகிறது. பஸ் கண்ணுக்குத் தெரியவில்லை, பையன்கள்தான் தெரிகிறார்கள். படிக்கட்டில் ஏழெட்டுப் பேர். ஒரு கை ஜன்னல் கம்பியில். இன்னொரு கையில் செல்போன். முதுகில் புத்தகப் பை.

"உள்ளே போப்பா... உள்ளே போ! தொங்காதே!" என்று கண்டக்டர் கத்துகிறார். விசில் ஊதுகிறார். யார் காதிலும் ஏறவில்லை.

அந்தப் பையைத் திறந்து பாருங்கள். உள்ளே அறிவியல் புத்தகம் இருக்கும். 2019-ம் ஆண்டு வெளிவந்த 10-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் முதல் பாடமே 'இயக்க விதிகள்'தான். "நிலைமம் என்றால் என்ன?" என்று கேட்டால் பையன் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பான். பரீட்சையில் 2 மார்க்கும் வாங்கிவிடுவான்.

ஆனால் தன் உயிர் ஊசலாடுவதே அந்த நிலைமத்தில்தான் என்பது அவனுக்கு உறைக்கவில்லை! பாடம் விடைத்தாளுக்குப் போனது, மண்டைக்குள் போகவில்லை.

அப்பா காலத்தில் அதன் பெயர் பௌதிகம். பிள்ளை காலத்தில் இயற்பியல். பெயர் மாறியது; பயம் மாறவில்லை. "இயற்பியலா? ஆளை விடுங்க சார்" என்று ஓடுகிறவர்கள்தான் அதிகம். நெட்டுருப் போட்டால் மண்டை காயும். அதையே ரோட்டில் பார்த்துப் படித்தால் சுவாரசியம் தட்டும். சில நேரம் உயிரும் தப்பும்.

ஒரே வரியில் ஒரு பாடம்

விபத்துச் செய்தி எழுதுகிற நிருபர்களுக்கு ஒரு வரி மனப்பாடம். "பஸ் திடீரென்று திரும்பியபோது நிலைதடுமாறிக் கீழே விழுந்தார்" என்று போலீஸ் வழக்கில் இருக்கும். அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவோம்.

அந்த 'நிலைதடுமாறி' என்ற ஒரு சொல்லுக்குள் முழுப் பாடமும் அடங்கி இருக்கிறது.

இங்கிலாந்து விஞ்ஞானி ஐசக் நியூட்டன் 1687-ம் ஆண்டு வெளியிட்ட நூலில் சொன்ன முதல் விதி இதுதான்: சும்மா இருக்கிற பொருள் சும்மாவே இருக்கும். ஓடுகிற பொருள் அதே வேகத்தில், நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியில் இருந்து ஒரு விசை வந்து இழுத்தாலோ தள்ளினாலோதான் அது மாறும்.

இதை வைத்துக்கொண்டு பஸ்சைப் பாருங்கள்.

டிரைவர் பிரேக் போடுகிறார். பிரேக் சக்கரத்துக்குத்தான், உங்களுக்கு இல்லை. பஸ் நிற்கிறது. உடம்பு முன்னே போகிறது.

பஸ் வலது பக்கம் வளைகிறது. உடம்பு வளையாது. அது நேராகப் போகப் பார்க்கும். பஸ்சுக்கு இடது பக்கம் படியில் தொங்குகிறவன் வெளிப்பக்கம் தூக்கி எறியப்படுகிறான். உள்ளே நிற்பவனுக்குப் பக்கத்தில் ஆள் உண்டு, கம்பி உண்டு. தொங்குகிறவனுக்கு ஒற்றைக் கைதான் மிச்சம்.

ஓடுகிற பஸ்சில் இருந்து ஒருவன் குதிக்கிறான். கால் தரையில் பட்டதும் நின்றுவிடுகிறது. இடுப்புக்கு மேலே பஸ்சின் வேகம் அப்படியே இருக்கிறது. குப்புற விழுகிறான்.

உசேன் போல்ட்டா நீ?

"பஸ் போகிற பக்கமே நாலடி ஓடி இறங்கினால் ஒன்றும் ஆகாது" என்று சில சூரர்கள் சொல்வது உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது பஸ்சுக்குச் சாதாரண வேகம். அதை வினாடிக் கணக்குக்கு மாற்ற 3.6-ஆல் வகுக்க வேண்டும். வினாடிக்கு 10 மீட்டர் வருகிறது. அதாவது 100 மீட்டரை 10 வினாடியில் ஓடுகிற வேகம்!

100 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை 9.58 வினாடி. 2009-ம் ஆண்டு பெர்லின் நகரில் ஜமைக்கா வீரர் உசேன் போல்ட் ஓடியது. ஓடுகிற அந்த பஸ்சில் இருந்து இறங்கித் தடுமாறாமல் நிற்க வேண்டும் என்றால் பையன் கிட்டத்தட்ட உசேன் போல்ட்டாக இருக்க வேண்டும். அதுவும் முதுகில் புத்தகப் பையோடு!

இன்னொரு கணக்கும் உண்டு. 5 மீட்டர் உயரத்தில் இருந்து ஒரு பொருள் விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகமும் வினாடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர்தான். 5 மீட்டர் என்பது ஒன்றரை மாடி உயரம். வீட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் பிள்ளை உட்கார்ந்தால் அம்மா அலறுவாள். அதே வேகத்தில் அவன் தினமும் படியில் தொங்குகிறான், அம்மாவுக்குத் தெரியாது.

இந்த இரண்டு கணக்குக்கும் நோட்டில் அரைப் பக்கம் போதும். இதைத் தன் கையால் போட்டுப் பார்த்த பையன், கண்டக்டர் விசில் ஊதாமலேயே இரண்டு படி மேலே ஏறுவான்.

ஸ்கேல் சொல்லும் ஜாதகம்

அடுத்தது வீட்டிலேயே செய்கிற சோதனை. காசு செலவு இல்லை. 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று போதும்.

அண்ணன் ஸ்கேலின் மேல் முனையைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். கீழே பூஜ்யம் இருக்கும் இடத்தில் தம்பி கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் ஸ்கேலைத் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் ஸ்கேலை விடுவான். தம்பி டக்கென்று பிடிக்க வேண்டும்.

20 சென்டிமீட்டரில் பிடித்தானா? அவன் கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் மூடுவதற்கு 0.2 வினாடி ஆகி இருக்கிறது. எப்படிக் கண்டுபிடித்தோம்? 20 சென்டிமீட்டரை 0.2 மீட்டராக்கி, இரண்டால் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நேரம் வந்துவிடும். அந்த 9.8 பூமியின் ஈர்ப்பு முடுக்கம். புத்தகத்தில் வெறும் எண்ணாகப் பயமுறுத்தியது, இங்கே ஒரு விளையாட்டில் வேலை செய்கிறது.

அந்த 0.2 வினாடியில் நம்ம 36 கிலோமீட்டர் பஸ் 2 மீட்டர் போய்விடும். இது தயாராகக் காத்திருந்து பிடித்தபோது! அடுத்து, இன்னொரு கையில் செல்போனில் மெசேஜ் படித்துக்கொண்டே ஸ்கேலைப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேல் தரையில் கிடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வேகம் இரண்டு மடங்கு. ஆபத்து நாலு மடங்கு

மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் கல்லூரி மாணவர்களுக்கும், வைத்திருக்கும் அப்பாக்களுக்கும் இந்தப் பகுதி.

வேகம் இரண்டு மடங்கு ஆனால் வண்டியின் இயக்க ஆற்றல் இரண்டு மடங்கு ஆவது இல்லை. நாலு மடங்கு ஆகிறது. காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக் போட்டால், 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி பிரேக் பிடித்த பிறகு சுமார் 5 மீட்டரில் நிற்கும். 60 கிலோமீட்டரில் வந்தால் சுமார் 20 மீட்டர் ஓடித்தான் நிற்கும். ஆளைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஆகும் நேரத்தில் ஓடுகிற தூரம் தனி. மழை பெய்து ரோடு வழுக்கினால் இன்னும் கூடும்.

ஹெல்மெட் ஏன்? கிரிக்கெட்டில் கேட்ச் பிடிப்பவனைப் பாருங்கள். பந்து கையில் பட்டதும் கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறான். பந்து நிற்க எடுக்கும் நேரம் கூடுகிறது. கையில் அடி குறைகிறது. ஹெல்மெட்டுக்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் போன்ற உறையும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது நசுங்கி, தலை நிற்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. புத்தகத்தில் 'கணத்தாக்கு' என்று வருவது இதுதான். ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் பெட்ரோல் டேங்குக்குப் பாதுகாப்புத் தருகிறார்கள், தலைக்கு இல்லை!

ஈரக் கையும் ஓம் விதியும்

மழைக்காலம் வந்தால் நிருபர்களுக்கு இன்னொரு சோகச் செய்தி வரும். மின்சாரம் தாக்கிப் பலி.

ஓம் விதி எல்லா மாணவனுக்கும் தெரியும். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். வீட்டுக் கரண்டு 230 வோல்ட். காய்ந்த தோலுக்கு மின்தடை அதிகம். நனைந்துவிட்டால் அது வெகுவாகக் குறைந்து சுமார் 1,000 ஓம் அளவுக்கு வந்துவிடலாம். 230-ஐ 1,000-ஆல் வகுங்கள். 0.23 ஆம்பியர். அதாவது 230 மில்லி ஆம்பியர்.

கரண்டு கசிந்தால் தானாக அணைகிற 'டிரிப்' சுவிட்சு வீடுகளில் வைக்கிறார்களே, அது 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும்படி செய்யப்படுவது. அதற்கு மேல் போனால் இதயத்துக்கு ஆபத்து என்பதால்தான் அந்த அளவு. நம் கணக்கில் வந்தது அதைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகம்!

ஆகவே ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று பாட்டி சொன்னது ஓம் விதிதான். தெருவில் தண்ணீர் தேங்கி, கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகக்கூடாது. மின்வாரியத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். ஒருவரைக் கரண்டு பிடித்துக்கொண்டால் முதலில் மெயினை அணைக்க வேண்டும். பதறிப்போய் கையால் இழுத்தவர்களும் சேர்ந்து பலியான சம்பவங்கள் உண்டு.

டீ மாஸ்டர் நடத்தும் வகுப்பு

இயற்பியல் என்றாலே ஆபத்துதானா? இல்லை. குஷியான பக்கமும் உண்டு.

டீக்கடையில் மாஸ்டர் ஓர் ஆள் உயரத்துக்குத் தூக்கி டீ ஆற்றுகிறாரே, ஏன்? டீ கயிறுபோல் நீண்டு விழும்போது காற்றில் படும் பரப்பு கூடுகிறது. ஆவியாதல் வேகமாகிறது. ஆவியாகப் போகிற ஒவ்வொரு துளியும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதற்கும் அதே காரணம்தான். பானையின் நுண்ணிய துளைகள் வழியாகக் கசிகிற நீர் ஆவியாகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் ஜில்லென்று ஆகிறது.

அடுப்படிக்குப் போனால் குக்கர். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீ வைத்தாலும் சூடு ஏறாது. ஆவிதான் அதிகம் போகும். குக்கரில் ஆவியை அடைத்து வைக்கிறோம். அழுத்தம் கூடுகிறது. தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை போகிறது. பருப்பு சீக்கிரம் வேகிறது. கேஸ் மிச்சம்.

கடைக்காரர்களுக்கும் பாடம் உண்டு. பாக்குவெட்டியில் கைப்பிடி ஏன் நீளம்? பாக்கை ஏன் கீலுக்குப் பக்கத்தில் வைக்கிறோம்? அது நெம்புகோல் தத்துவம். கரண்டு பில்லைப் பார்த்து மயங்கும் குமாஸ்தாக்களுக்கும் உண்டு. ஒரு யூனிட் என்பது 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடுவது. 60 வாட் குண்டு பல்பு 100 மணி நேரம் எரிந்தால் 6 யூனிட். 9 வாட் எல்.இ.டி. பல்பு அதே 100 மணி நேரம் எரிந்தால் 1 யூனிட்டுக்கும் குறைவு. பையனிடம் பில்லைக் கொடுத்துக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். பாடமும் ஆச்சு, பர்சும் தப்பிச்சது!

இரவில் இடி இடிக்கிறதா? மின்னலைப் பார்த்ததும் 'ஒண்ணு, ரெண்டு' என்று வினாடிகளை எண்ணச் சொல்லுங்கள். ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். 6 எண்ணும்போது சத்தம் கேட்டால் மின்னல் 2 கிலோமீட்டர் தூரத்தில் விழுந்திருக்கிறது. அப்படி என்றால் மொட்டை மாடியில் நிற்காமல் உள்ளே வந்துவிட வேண்டும்.

ஆபீஸ் போய்க்கொண்டே ஆராய்ச்சி

"இதெல்லாம் வேடிக்கை. இப்படிப் படிச்சு யார் பெரிய ஆளானாங்க?" என்று கேட்பவர்களுக்குப் பதில் மெரினா கடற்கரை எதிரிலேயே இருக்கிறது. அங்கே இருக்கும் மாநிலக் கல்லூரியில் படித்தவர்தான் சர். சி.வி.ராமன். திருச்சி பக்கத்தில் 1888-ம் ஆண்டு பிறந்தவர்.

1907-ல் அவருக்குக் கிடைத்தது கல்கத்தாவில் நிதித்துறை உத்தியோகம். பைல் பார்க்கிற வேலை. ஆபீசுக்கு முன்னாலும் பின்னாலும் அவர் பௌபஜாரில் இருந்த ஆராய்ச்சிக் கழகத்துக்குப் போய் சோதனைகள் செய்தார். வீணையும் மிருதங்கமும் எப்படி ஒலிக்கின்றன என்று ஆராய்ந்தார். 1921-ல் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவர் கண்ணைப் பறித்தது. 'கடல் ஏன் நீலம்?' என்று கேட்டார். எல்லாரும் பார்த்த கடல்தான்; கேட்டவர் அவர். அந்தக் கேள்வியின் வழியே போய் 1928 பிப்ரவரி 28-ந்தேதி ராமன் விளைவைக் கண்டார். 1930-ல் நோபல் பரிசு. அந்தத் தேதிதான் தேசிய அறிவியல் தினம்.

அமெரிக்காவில் ரிச்சர்டு பெயின்மன் என்று ஒருவர். 1965-ல் நோபல் பரிசு வாங்கியவர். அவருடைய அப்பா விஞ்ஞானி அல்ல. யூனிபாரம் விற்கும் தொழிலில் இருந்தவர். சிறுவன் பெயின்மன் பொம்மை வண்டியை இழுத்தபோது உள்ளே இருந்த பந்து பின்னால் ஓடியது. ஏன் என்று அப்பாவிடம் கேட்டான். அதற்கு நிலைமம் என்று பெயர், ஆனால் அது ஏன் அப்படி என்று யாருக்கும் தெரியாது என்று அப்பா சொன்னார். பக்கவாட்டில் இருந்து பார், பந்து பின்னால் போகவில்லை, வண்டிதான் முன்னால் போகிறது என்று காட்டினார்.

நம் ஊர் பஸ் படியில் தொங்குகிற பையனுக்குக் குறைவது இதுதான். பெயர் தெரியும், விஷயம் தெரியாது.

எப்படிப் படிக்கலாம்?

இனி மாணவர்களுக்கு நேரடியாக. ஐந்து வழிகள்.

1. முதலில் ஊகி. பாடத்தைப் படிக்கும் முன்பே, 'என்ன ஆகும்?' என்று ஒரு பதில் சொல்லிவிடு. ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு லேசாக ஆட்டு. போய் வருவதை ஒன்றாக எண்ணி, 10 ஆட்டத்துக்கு எத்தனை வினாடி என்று பார். சுமார் 20 வரும். கல்லைப் பெரிதாக்கினால் கூடுமா, குறையுமா? ஊகித்துவிட்டுச் செய்து பார். மாறாது! நூலை 25 சென்டிமீட்டர் ஆக்கு. 10 வினாடிதான் வரும். ஊகம் தப்பானால் நல்லது. தப்பானது மறக்கவே மறக்காது.

2. புத்தகத்தை மூடு. பத்துத் தடவை படிப்பதைவிட, ஒரு தடவை படித்து மூடிவிட்டு நினைவில் இருந்து எழுதிப் பார்ப்பது மேல். 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவில் இருந்தது. படித்த பிறகு பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்! ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மட்டும் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

3. தங்கச்சிக்குச் சொல்லிக்கொடு. 6-ம் வகுப்புத் தங்கச்சிக்குப் புரியும்படி நிலைமத்தைச் சொல். "அப்புறம் ஏண்ணா அப்படி?" என்று அவள் கேட்கும் இடத்தில் நீ திக்கினால், அதுதான் உனக்குப் புரியாத இடம். அந்தப் பக்கத்தை மறுபடி படி.

4. இடைவெளி விடு. ஒரே ராத்திரியில் ஐந்து மணி நேரம் முட்டிக்கொள்ளாதே. அந்த ஐந்து மணி நேரத்தை ஐந்து நாளாகப் பிரி. நடுவில் தூங்கு. தூக்கத்தில்தான் மூளை படித்ததை அடுக்கி வைக்கிறது.

5. அலகைப் பார். கணக்குக்கு விடை வந்ததும் அது மீட்டரா, வினாடியா, நியூட்டனா என்று பார். நடந்து போகிறவனின் வேகம் 300 கிலோமீட்டர் என்று விடை வந்தால் சிரிப்பு வர வேண்டும். சிரிப்பு வந்தால் நீ இயற்பியல் படிக்க ஆரம்பித்துவிட்டாய் என்று அர்த்தம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் "எத்தனை மார்க்குடா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஏம்ப்பா, பஸ் திரும்பறப்போ நாம ஏன் சாயறோம்?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குத் தெரியாததுபோல் கேளுங்கள். அப்பாவுக்கே சொல்லித் தருகிறோம் என்ற குஷியில் பையன் பாடத்தையும் படிப்பான். நாளைக்குப் படியில் நிற்கும்போது அவன் சொன்னதே அவனுக்கு ஞாபகம் வரும்.

இந்தப் பேப்பரை பஸ்சில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் கொஞ்சம் தலையை நிமிர்த்தலாம். டிரைவர் அடுத்த தடவை பிரேக் போடும்போது, நிற்கிறவர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று பாருங்கள். படியில் ஒரு பையன் தொங்கினால், "தம்பி, உள்ளே வாப்பா" என்று ஒரு குரல் கொடுங்கள்.